நாவின் தீர்ப்பும் கணிதமும்

துணியை அளக்க முழக்கோல் உண்டு. பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. சுவையை அளக்க நாக்கு ஒன்றுதான் உண்டு. அந்த நாக்கை அளப்பது எவ்வாறு? இதனையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

மேனாடுகளில் திராட்சை மதுவைச் சுவைத்து மதிப்பெண் இடும் வல்லுநர் பலர் உளர். மதுவின் பெருமையைப் பேச நான் வரவில்லை. அவர்களது தீர்ப்பைக் கணிதம் சோதித்த வரலாற்றைச் சொல்லவே வந்தேன்.

ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு பிஷர் 1935-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஓர் அம்மையார். அவர்முன் எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேரும் வழிகள் 70. ஆகவே, குருட்டாம்போக்கில் சொல்பவர் முற்றும் சரியாகச் சொல்வதற்கு எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. திறமைக்கும் தற்செயலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வாறு எண்ணால் புலப்படுகிறது.

திராட்சை மது நடுவர்களையும் இவ்வாறு சோதிக்க முற்பட்டார் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்னும் அமெரிக்கர். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் மதுப் போட்டியில், 2005 முதல் 2008 வரை, ஆண்டுதோறும் 65 முதல் 70 நடுவர்கள் சோதிக்கப்பட்டனர். ஒவ்வொருவர் முன்னும் 30 கோப்பைகள். ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பைகளில் ஊற்றிய மதுவும் அவற்றிடையே கலந்திருந்தது. எவை அவை என்பது நடுவருக்குத் தெரியாது.

விளைவு யாது? மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் இட்டவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே! வேறு பத்தில் ஒருவரோ, சில வேளைகளில் அதே மதுவுக்கு ஒருமுறை வெண்கலமும் மறுமுறை தங்கமும் தந்தார். பிடிக்காத மதுவைப் பற்றிய தீர்ப்பில் இருந்த உறுதி, பிடித்த மதுவைப் பற்றிய தீர்ப்பில் இல்லை என்பதும் தெரிந்தது.

நடுவர்களைப் பொய்யர் என்று எண்ணிவிடாதீர்கள். முன்னே பருகியதன் சுவை பின்னே பருகுவதன் சுவையை மாற்றும். கோப்பைகள் பெருகப் பெருக நாவும் சோரும். எனினும், அப்பதக்கத்தை நம்பிப் பொருள் கொடுப்போரும், ஆண்டு முழுதும் தோட்டத்தில் உழைத்தோரும் இருக்கின்றனரே! உங்கள் விடைத்தாளை ஒருவரே இருமுறை திருத்தினால் அதே மதிப்பெண் வருமா என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று குவளைகளில் காப்பி. இரண்டில் ஒரு தூள், ஒன்றில் வேறு தூள். வேறானதைக் கண்ணை மூடிச் சுவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊகத்தால் ஒருமுறை வெல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து ஐந்து முறை வெல்ல 243-இல் ஒன்று. ஐந்தும் வென்றவரின் நாக்கை நம்பலாம்.