பொதுப் பணமும் தனிப் பள்ளியும்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் பிரதேசத்தில், மிசிசிப்பி டெல்டா என்னும் பருத்திச் சீமையிலே, இண்டியனோலா போன்ற ஓர் ஊருக்குப் போய், அங்குள்ள பொதுப் பள்ளியின் வகுப்புகளைப் பார்த்துவிட்டு, அதே ஊரின் தனியார் அகாடமிக்குள்ளும் நுழைந்து பார்ப்பவர்கள், இரண்டு இடத்திலும் இருப்பவர்கள் ஒரே ஊரின் பிள்ளைகள்தாமா என்று திகைத்துப் போவார்கள். ஏனெனில் பொதுப் பள்ளியில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் கறுப்பினத்தவர், அகாடமியில் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். இதைச் சுட்டிக் காட்டினால், "பெற்றோர் தம் சொந்தப் பணத்தில் தமக்கு உகந்த பள்ளியைத் தேர்ந்துகொண்டார்கள், இதில் நிறம் எங்கே வந்தது?" என்று வெகு சாந்தமாகப் பதில் வருகிறது. அந்தப் பதிலின் இரண்டு பாதிகளும் பொய் என்று நான் சொல்லுகிறேன். அதற்குச் சரித்திரமே சாட்சி.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுண்டி. ஃபார்ம்வில் அதன் முக்கிய நகரம். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1939-இல் 180 பேருக்காகக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில், 1951-இல் 450 பேருக்கு மேல் நெருக்கியடித்து, இடம் போதாதவர்கள் தார்க் காகிதம் அடித்த கொட்டகைகளில் குளிரில் நடுங்கிப் படித்துவந்தபோது, பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, ஏப்ரல் 23-ஆம் தேதி தன்னோடு படிப்பவர்களையெல்லாம் திரட்டி வகுப்புகளைப் பகிஷ்கரித்தாள். அந்தப் பகிஷ்காரத்திலிருந்து பிறந்த வழக்கு வேறு வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் ஏறி, பொதுப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாகச் சொன்ன 1954-ஆம் ஆண்டின் பிரௌன் தீர்ப்பாக முடிந்தது.

கவுண்டியின் நிர்வாக சபையார் என்ன செய்தார்கள்? ஐந்து வருஷம் சாக்குச் சொன்னார்கள். இனித் தட்டிக்கழிக்க வழியில்லை என்ற நிலை வந்ததும், 1959-இல் பள்ளிக்கூட வரியையே விதிக்க மறுத்து, கவுண்டியிலிருந்த பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் அகாடமி தயாராக நின்றது. மறு வருஷம் மாநிலமும் கவுண்டியும் சேர்ந்து, அந்த அகாடமியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், தொடக்க வகுப்பென்றால் 225 டாலரும், உயர்நிலை வகுப்பென்றால் 250 டாலரும் மானியம் வழங்கின; அதற்கு நன்கொடை கொடுத்தவர்களுக்குச் சொத்து வரியில் கால் பங்கு வரை தள்ளுபடியும் கிடைத்தது. கறுப்பினத் தகப்பன் கட்டிய வரியும் அந்தப் பொக்கிஷத்தில்தான் இருந்தது என்பதை நீங்கள் மறக்கலாகாது. அவன் பிள்ளையோ நான்கு வருஷம் பள்ளிக்கூடம் காணவில்லை. சிலர் பிள்ளைகளை வெளியூர்ப் பந்துக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்; சில தேவாலயங்களில் எழுத்தறிவு சொல்லித் தந்தார்கள்; எத்தனையோ பேர் பிறகு படிப்புக்குத் திரும்பவேயில்லை. உங்களுக்கும் தனிப் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டதுண்டு. அதை ஏற்றால் பிரிவினையையே ஏற்றதாகும் என்று அந்த ஏழை ஜனங்கள் மறுத்து, 1964-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளைத் திறக்க வழி செய்யும் வரை வழக்கை நடத்தினார்களே, அந்தத் திட சித்தத்தை நான் வணங்குகிறேன்.

சொந்தப் பணமாம்! மிசிசிப்பியில் 1969-இல், இனித் தாமதம் கூடாது, உடனே பிரிவினையை ஒழியுங்கள் என்ற கட்டளை பிறந்தபோது, அகாடமிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அவற்றின் மாணவர்களுக்கும் மாநிலம் இலவசப் பாடப் புத்தகம் கொடுத்து வந்ததை 1973-இல் உச்ச நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கிருந்த வரி விலக்கை எதிர்த்துக் கறுப்பினப் பெற்றோர் தனியே வழக்காடி வெல்ல வேண்டியிருந்தது. நிறம் காரணமாகத் தனியார் பள்ளியும் பிள்ளைகளைத் தள்ளக் கூடாதென்று 1976-இல் தீர்ப்பு வந்தது உண்மை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நிலமும் கூலியும் மறுக்கப்பட்ட குடும்பத்தால் கட்ட முடியாத கட்டணம் ஒன்றை வாசலில் வைத்துவிட்டால், அதன்பின் நிறத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே!

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. சொந்தக் கிணறு வெட்டிக்கொண்டவன் ஊர் ஏரியைத் தூர்வார வரமாட்டான். தன் பிள்ளையை அகாடமியில் சேர்த்த நிலச்சுவான்தாரும் வியாபாரியும், வரி போடும் சபையிலும் வாக்குச்சாவடியிலும் முன்போலவே செல்வாக்கோடு இருக்கிறார்கள். பொதுப் பள்ளிக் கூரை ஒழுகினால் நனைவது அவர்கள் பிள்ளையல்ல என்பதால், அந்தக் கூரைக்கு வரி உயர்த்தச் சம்மதிப்பதில்லை. பிறகு அந்தப் பள்ளியின் சீர்கேட்டையே காட்டி, இதில் எப்படிப் பிள்ளையைச் சேர்ப்பது என்று கேட்கிறார்கள்.

பிரின்ஸ் எட்வர்டில் பள்ளிகளை மூடியதற்காக வர்ஜீனியா சட்டசபை 2003-இல் வருத்தம் தெரிவித்தது, வரவேற்கிறேன். ஆனால் அலபாமாவில் 2024-இல் இயற்றிய சட்டம், தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றுக்கு 7,000 டாலர் வரை பொதுப் பணத்திலிருந்து தருகிறது; வேறு தென் மாநிலங்களிலும் இத்தகைய மானியங்கள் வந்துவிட்டன. ஆகவே அந்நாட்டு நீதிமான்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன்: பொதுப் பணத்தில் ஒரு டாலர் வாங்கும் எந்தப் பள்ளியும், தன் வகுப்புகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்பதையும், அதே ஊர்ப் பொதுப் பள்ளியில் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வருஷந்தோறும் வாசலில் ஒட்டட்டும், ஒட்ட மறுக்கும் பள்ளிக்கு அந்த ஒரு டாலரும் போகக் கூடாது.