வீட்டுக்கு யார் போறது? ஓசூர் எல்லையில் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள்

இன்னைக்கு ஓசூர் பக்கம் படிப்பைப் பாதியில விட்டுட்டு வேலைக்குப் போற பிள்ளைகளைப் பத்திப் பேசுவோம்.

ஒரு பையனை நினைச்சுக்குங்க. அஞ்செட்டி பக்கம் ஒரு கிராமம். வயசு 15, ஒன்பதாம் வகுப்பு. அப்பா கிரானைட் குவாரியில அடிபட்டுப் படுத்துட்டார். அம்மா ரோஜாத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறாங்க. அக்காவுக்கு 16 வயசு, மாப்பிள்ளை பார்க்கிறாங்க. பையன் ஒருநாள் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, சந்தாபுரால ஒரு ஓட்டல்ல சேர்ந்துடறான். இது கற்பனைப் பையன்தான். ஆனா இந்தப் பக்கம் வேலை பார்க்கிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு பையனைச் சொல்வாங்க.

இவனுக்குச் சட்டம் என்ன செய்யும்? கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயசோட முடிஞ்சுடுது. 2016-ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 முடிஞ்சா அபாயகரமான வேலைக்கு மட்டும்தான் 18 வரை தடை. ஓட்டல் வேலை அதுல வராது. புதுமைப் பெண் 2022-ல வந்துச்சு, தமிழ்ப் புதல்வன் 2024-ல. ரெண்டுமே மாசம் 1,000 ரூபாய் தர்ற நல்ல திட்டங்கள். ஆனா காலேஜ்ல சேர்ந்த பிறகுதான் அந்தப் பணம் வரும். நடுவுல இருக்கிற ஒன்பதாவது, பத்தாவதுலதான் பிள்ளைங்க நழுவிப் போறாங்க.

அதுக்காக உதவியே இல்லைன்னு சொல்ல முடியாது. மிஷன் வாத்சல்யா திட்டத்துல, பெற்றோரால பார்த்துக்க முடியாத பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்துல ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். அப்பாவோட சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு. அக்கா கல்யாணத்தைத் தடுக்க 2006-ம் ஆண்டுச் சட்டமும் சமூக நல அலுவலரும் இருக்காங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ், ஒரு விண்ணப்பம். கூலியை விட்டுட்டு கிருஷ்ணகிரிக்கு எத்தனை தடவைதான் அந்த அம்மா போவாங்க?

எல்லை இதுல இன்னொரு சிக்கல். பையனைக் கர்நாடகாவுல மீட்டா, முதல்ல அங்கே உள்ள குழந்தைகள் நலக் குழு விசாரிக்கும். அப்புறம் நம்ம மாவட்டக் குழுவுக்கு மாத்தும். ஃபைல் எல்லையைத் தாண்டி வந்துடும். வீட்டுக்கு யார் போறது?

இதே ஓசூர்ல ஒரு பழைய உதாரணம் இருக்கு. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல டைட்டனைத் தொடங்கினாங்க. கைக்கடிகார வேலைக்குக் கிராமத்துப் பள்ளிகள்ல இருந்து பிள்ளைகளை எடுத்தாங்க. சின்ன வயசு, ஊர் புதுசு. சம்பளம் மட்டும் போதாதுன்னு புரிஞ்சு, அவங்களைப் பார்த்துக்க வளர்ப்புப் பெற்றோரை ஏற்பாடு செஞ்சாங்க. சாப்பாடு, தங்குற இடம், கேட்கிறதுக்கு ஒரு பெரியவர்னு எல்லாம் ஒரே வீட்டுல கிடைச்சுது. லாபம் பார்க்கிற கம்பெனிக்கே அது தேவைப்பட்டுச்சு.

நமக்கும் தேவை அதுதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள். எல்லா ஆபீஸுக்கும் அந்தக் குடும்பத்துக்காக நடக்கிற ஆள். முதல்ல அப்பாவுக்கு வைத்தியம், அடுத்து நிதி ஆதரவு, கூடவே அக்காவோட படிப்பு. அப்பதான் பையன் திரும்பி வந்தா பள்ளிக்கூடத்துல நிலைப்பான். அவனை மட்டும் கூட்டிட்டு வந்து பெஞ்சுல உட்கார வெச்சா, ரெண்டு மாசத்துல மறுபடி சந்தாபுரா பஸ் ஏறிடுவான். ஏன்னா வீட்டுல எதுவும் மாறலையே.

ஆசிரியர்கள் யாராவது கேட்டுட்டிருந்தா ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை ஒரு வாரம் வரலைன்னா, "ஏன் வரலை?"ன்னு கேட்காதீங்க. "வீட்டுல என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க. பதில் உங்க கைக்கு மீறினதா இருந்தா 1098-க்குக் கூப்பிடுங்க. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான்.