திரும்பிப் போகும் வழி



கிரகப்பிரவேசத்துக்குப் போனால் வாசல் நிலையைத் தட்டிப் பார்த்து, இது எந்த ஊர்த் தேக்கு என்று கேட்கிறோம். தரைக்குப் போட்ட கிரானைட்டின் விலையை விசாரிக்கிறோம். அந்த வீட்டுச் சுவர்களுக்குள் சில நூறு மீட்டர் வயரை இழுத்துவைத்த எலெக்ட்ரீஷியனைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க நினைத்தாலும் எதைப் பார்த்து மதிப்பிடுவது? பூச்சு வேலை முடிந்த அன்றே அவர் வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. நல்ல வயரிங்கிலும் எரிகிறது, மோசமான வயரிங்கிலும் எரிகிறது.

ஆகவே இந்தத் தொழிலை எடைபோட நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். மின்சாரத்தை உள்ளே கொண்டுவந்த விதத்தை அதிகம் பார்ப்பதில்லை. லைன் கொண்டுவர யாருக்கும் தெரியும். அது திரும்பிப் போவதற்கு என்ன வழி செய்திருக்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஒற்றை பேஸ் இணைப்பில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். பேஸில் வரும் மின்சாரம் விளக்கின் வழியே போய் நியூட்ரலில் ஏறி, தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பியாக வேண்டும். திரும்ப வழியில்லாவிட்டால் ஓட்டமே இல்லை. அந்த நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மரிலேயே மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால்தான் வெறுங்காலோடு தரையில் நின்று பேஸைத் தொட்டால் நம் உடம்பும் மண்ணும் சேர்ந்து திரும்பும் வழியாகிவிடுகின்றன. சுவிட்சை நியூட்ரலில் வைக்காமல் பேஸில்தான் வைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் பல்பைக் கழற்றி மாட்டப் போகிறவரின் விரலருகே ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும்.

வீட்டு விளக்கு, விசிறி எல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முழு 230 வோல்ட் கிடைக்கும். ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது. கோயில் திருவிழாவில் கட்டிய பழைய சீரியல் செட் அப்படியல்ல. குட்டி பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒரு பல்பு போனால் சரமே இருண்டுவிடும். அந்தத் தொடர் இணைப்பை மறந்துவிடாதீர்கள். வேண்டாத இடத்தில் அது பிறகு வரப்போகிறது.

கணக்கு என்று பார்த்தால் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியே இந்த வேலையில் பெரும்பகுதிக்குப் போதும். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர் வரும். ஆம்பியர் இரட்டிப்பானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பது ஜூல் சொன்னது. ஆகவே எடுக்கும் ஆம்பியருக்கு ஏற்ற தடிமனில் வயர் வேண்டும். பழைய வயர்மேன்கள் ‘ஒண்ணு பதினெட்டு’, ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்பார்கள். முதல் எண் வயருக்குள் எத்தனை இழை, இரண்டாவது எண் இழையின் கேஜ். இன்றைய கடையில் சதுர மில்லிமீட்டரில் கேட்க வேண்டும்: விளக்குக்கு ஒன்று அல்லது ஒன்றரை, பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் நான்கு. இதில் பெரும்பாலும் யாரும் தப்பு செய்வதில்லை.

தப்பு நடப்பது திருகில். 2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கிறது. அதன் பிளக் பாயிண்டில் ஒரு திருகைச் சரியாக இறுக்காமல் விட்டதால் அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, பாதியாக்குங்கள்: 40 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னின் சூடு அது. அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துச் சுவரில் புதைத்திருக்கிறோம். ஆம்பியர் அளவு மீறினால் விழும் எம்சிபி இதைத் தடுக்காதா என்றால், தடுக்காது. அதன் வழியே போவது அதே 9 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இதில் குற்றம் எதுவும் தெரியாது. பிளக் கறுத்திருந்தால், தொட்டால் சுட்டால், பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் அந்தத் திருகைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய வீடுகளில் தேக்கு ரீப்பர் அடித்து, லிங்க் கிளிப்பில் வயரை வரிசையாக மடக்கி, கறுப்பு பேக்லைட் சுவிட்ச் வைத்திருப்பார்கள். தச்சு வேலை போல நூல் பிடித்து நேராகப் போகும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடரலாம். அந்த அழகை இன்றைய கன்சீல்டு வயரிங்கில் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஏக்கத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்துப் பலகைகள் பலவற்றில் பேஸுக்கு ஒரு பீங்கான் பியூஸ், நியூட்ரலுக்கு ஒரு பீங்கான் பியூஸ் என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போய்விட்டால் வீடு இருட்டாகும். கரண்ட் இல்லையென்று நினைத்துக் கை வைத்தால் பேஸ் முழுசாக உள்ளே இருக்கும். திரும்பும் வழியில் தனியாக பியூஸ் வைக்கக் கூடாது என்ற விதி இப்படிப்பட்ட ஆபத்துக்காகத்தான். இன்னும் அப்படி ஒரு பலகை உங்கள் வீட்டில் இருந்தால், அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், இணைப்பைத் துண்டித்துவிட்டு.

மாடிப்படி விளக்குக்கு வருவோம். வயரிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கீழே ஒரு டூ வே சுவிட்ச், மேலே ஒன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு வயர்கள். பேஸ் கீழ் சுவிட்சின் நடுமுனையில் ஏறுகிறது. மேல் சுவிட்சின் நடுமுனையிலிருந்து விளக்குக்குப் போகிறது. இரண்டு சுவிட்சும் ஒரே வயரில் நின்றால் எரியும். ஆளுக்கொரு வயரில் நின்றால் அணையும். மின்னணுச் சில்லு எதுவும் இல்லாமல், வெறும் பித்தளைத் துண்டுகளின் இடமாற்றத்தில் நடக்கும் தர்க்கம்.

அதே இடத்தில்தான் கைத்திறனின் குறையும் வெளிப்படும். பேஸைக் கீழ்த்தளத்திலிருந்து எடுத்த எலெக்ட்ரீஷியன், விளக்குக்கு நியூட்ரல் வேண்டுமே என்று பக்கத்தில் ஓடும் மாடிச் சர்க்யூட்டின் நியூட்ரலில் முறுக்கிவிடுவார். ஒரு வயர் மிச்சம். விளக்கு எரியும். வீட்டுக்காரருக்கும் திருப்தி. பிறகொரு நாள் மாடியில் வேலை செய்ய வருகிறவர் மாடி எம்சிபியை இறக்கிவிட்டு, இனி ஒன்றுமில்லை என்று நம்பி அந்த நியூட்ரல் முடிச்சைப் பிரிக்கிறார். அந்நேரம் யாரோ படி விளக்கைப் போட்டால், கீழ்த்தளத்து பேஸ் விளக்கின் வழியாக அவர் கையிலிருக்கும் கறுப்பு வயருக்கு வந்துவிடும்.

இப்படி நியூட்ரலைக் கண்ட இடத்தில் கடன் வாங்கும் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. ஆர்சிசிபி என்பார்கள், பழைய பெயரில் ஈஎல்சிபி என்றும் கேட்டிருப்பீர்கள். அதற்குள் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. பேஸும் நியூட்ரலும் அந்த வளையத்தின் நடுவே போகின்றன. போன மின்சாரம் அவ்வளவும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். கொஞ்சம் குறைந்து வந்தால், அந்தக் குறை எங்கோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். ஒருவேளை ஒரு மனிதர் வழியாக. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மூன்றில் ஒரு பங்கு நொடிகூட ஆகாமல் இணைப்பைத் துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியருக்கானது. வயரைக் காப்பாற்ற வைத்தது, நம்மைக் காப்பாற்ற அல்ல. ஆனால் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபியும் கைவிட்டுவிடும். போனது திரும்பி வருகிறதே, அதற்கு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது நினைவிருக்கும். அவசரத்தில் மாட்டிய பல இடங்களில் இன்வெர்ட்டரின் லைனை மட்டும் அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போனது இன்னொன்றின் வழியாகத் திரும்பினால் இரண்டுமே விழும். “சார், இது சும்மா ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கும், தேவையில்லை” என்று சொல்லி ஆர்சிசிபியையே கழற்றி, நேராக இணைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. தன் வேலையில் தவறு என்று சொன்ன கருவியின் வாயை அடைத்த கதை இது. உங்கள் வீட்டில் ஆர்சிசிபி சும்மா விழுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியூட்ரல் கலந்திருக்க வேண்டும், அல்லது எங்கேயோ கசிந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி எர்த். கரியும் உப்பும் போட்டு, இரண்டரை மீட்டர் கால்வனைஸ்டு குழாயை இறக்கி, வெயில் காலத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் குழி. எர்த் போட்டாயிற்று, இனி ஷாக் அடிக்காது என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பிரிட்ஜுக்குள் பேஸ் வயர் உரசி அதன் உடலைத் தொட்டுவிட்டது. மின்சாரம் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. ஈரமான மண்ணில் குழியின் தடை 5 ஓம் என்றால், 230-ஐ ஐந்தால் வகுத்து 46 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி சில நொடிகள் யோசித்துவிட்டு விழும். வறண்ட செம்மண்ணில் அதே குழி 20 ஓம் காட்டினால் பதினொன்றரை ஆம்பியர்தான். எம்சிபி விழவே விழாது. பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும், அதன் கைப்பிடியில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் நின்றுகொண்டிருக்கும். எர்த் வழியாகக் கசியும் இந்த மின்சாரத்தைப் பார்த்து உடனே துண்டிக்க ஆர்சிசிபி இருந்தால்தான் எர்த்துக்கே முழு அர்த்தம்.

நாமும் நம் பங்குக்கு எர்த்தைக் கேலி செய்கிறோம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள் நீளமாக இருப்பது, உள்ளே போகும்போது முதலில் தொடவும் வெளியே வரும்போது கடைசியாக விடவும்தான். நாமோ அந்த முள்ளுக்கான துளைக்குள் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு ஷட்டரைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் செருகுகிறோம்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் பொது நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திரும்ப வழியில்லாத மின்சாரம் ஒரு பேஸிலிருந்து இன்னொரு பேஸுக்கு வீட்டுச் சாமான்கள் வழியாகவே போகும். இரண்டு பேஸுக்கு இடையே சுமார் 400 வோல்ட். ஒரு பக்கம் அயர்ன் பாக்ஸ், மறு பக்கம் டிவி, இரண்டும் இப்போது சீரியல் செட் பல்புகளைப் போலத் தொடர் இணைப்பில். குறைந்த வாட் சாமானுக்கு அதிக வோல்ட் போய்விடும். அயர்ன் பாக்ஸ் மந்தமாகச் சுடும், டிவி புகையும். தெருவில் பத்து வீட்டு டிவி ஒரே மாலையில் போயிற்று என்று கேள்விப்பட்டால் பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் கழன்றிருக்கும்.

இவ்வளவு முக்கியமான திரும்பும் வழியை ஏன் இத்தனை பேர் அலட்சியமாக விடுகிறார்கள்? திறமையில்லை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐடிஐயில் இரண்டு ஆண்டு படித்தவருக்கும், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதியவருக்கும் நான் சொன்னதெல்லாம் தெரியும். கூலி போடும் முறையில் கோளாறு இருக்கிறது. விளக்குக்கு ஒரு பாயிண்ட், விசிறிக்கு ஒரு பாயிண்ட், பிளக்குக்கு ஒரு பாயிண்ட் என்று எண்ணித்தான் பேசுகிறோம். சர்க்யூட்டுக்குத் தனி நியூட்ரல் இழுத்தாலும் அதே தொகை, கடன் வாங்கினாலும் அதே தொகை. அடுத்து வீடு கட்டுகிறவர்கள் எஸ்டிமேட்டில் மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்லலாம்: ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல், எர்த் குழியின் தடையை எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எழுதித் தருவது, எல்லாச் சர்க்யூட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பூச்சுக்கு முன் பைப் ஓடும் சுவர்களை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆணி அடிக்கும்போது உதவும். வீடு ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால், ஆர்சிசிபியின் முகத்தில் ‘டி’ என்று எழுதிய சின்ன பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அமுக்குங்கள். விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.