நீரில் இரை தேடும் பூனை

பூனைக்கு மீனிடத்தில் ஆசை உண்டு. தண்ணீரிடத்தில் அச்சமும் உண்டு. மீன் அரிவோரைச் சுற்றிச் சுற்றி வரும் வீட்டுப் பூனை, ஒரு கை நீரைத் தெளித்தால் ஓடி ஒளிந்துகொள்கிறது. அவ்வச்சம் சிறிதுமின்றி, குளத்திலும் கழியிலும் இறங்கித் தானே மீன் பிடித்து உண்ணும் காட்டுப் பூனை ஒன்று நம் நாட்டில் இருக்கின்றது. மீன்பிடிப் பூனை என்பது அதன் பெயர். மாணவ நண்பர்களே, அதன் வாழ்வைப் பற்றியும், அதற்கு நேர்ந்துள்ள இடரைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1833ஆம் ஆண்டில் பென்னெட் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் இதனை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். வீட்டுப் பூனையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பெரியது இது. பருத்த உடல், குட்டையான கால்கள், குறுகிய வால், சாம்பல் கலந்த மங்கிய மயிர், அதன்மேல் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். மயிர் இரண்டு அடுக்காக அமைந்துள்ளது. உள்ளடுக்கு மிக நெருக்கமாக இருப்பதால் குளிர்ந்த நீர் எளிதில் தோலைத் தொடுவதில்லை. விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. நகங்களோ முற்றும் உள்ளடங்காமல் நுனி வெளியே தெரிய நிற்கும். வழுக்கும் மீனைப் பற்றுவதற்கு அவை உதவுகின்றன.

இரவு வேளையில் இது நீர்க்கரையில் அசையாது அமர்ந்திருக்கும். மீன் அருகில் வந்ததும் காலால் வாரி எடுக்கும். வேண்டுமாயின் தலைகீழாக நீருள் பாய்ந்தும் பிடிக்கும். நண்டு, தவளை, எலி, நீர்ப்பறவை ஆகியவையும் இதன் உணவே.

இமயமலை அடிவாரத்துத் தராய்ச் சமவெளி, சுந்தரவனம், ஒடிசாவின் சில்கா ஏரி, ஆந்திரத்தில் கோதாவரி, கிருஷ்ணை நதிகளின் கழிமுகங்கள் ஆகிய இடங்களில் இது வாழ்கிறது. நேபாளம், வங்காள தேசம், இலங்கை முதலிய நாடுகளிலும் உண்டு. இலங்கையில் கொழும்பின் சதுப்பு நிலங்களில், மக்கள் நெருங்கி வாழும் வீதிகளுக்கு அருகிலேயே இதனைக் காணலாம்.

இத்துணைத் திறம் பெற்ற விலங்குக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? முதலாவது, அதன் இருப்பிடத்தை நாம் மதிப்பிடும் முறையிலிருந்து வந்தது. சதுப்பு நிலத்தைப் பயனற்ற நிலம் என்று கருதுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். இந்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்புகளிலும் நீர் தேங்கிய சதுப்பு நிலம் ஒரு பிரிவாக இடம்பெற்றது. தரிசு என்று பெயரிட்ட பின் அதனைத் தூர்ப்பதற்கு யார் தயங்குவர்? மேற்கு வங்கத்தில் ஹௌரா மாவட்டத்து நாணற்காடுகள் செங்கற்சூளைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. ஆந்திரக் கடற்கரையில் அலையாத்திக் காடுகள் பல, இறால் பண்ணைகளுக்கு இடம் கொடுத்து அழிந்தன.

இரண்டாவது, இரை குறைந்த பூனை வளர்ப்புக் குளத்தை நாடுகிறது. கடன் வாங்கிக் குஞ்சுமீன் விட்ட ஏழைக்குச் சில மீன்களின் இழப்பும் பெரிதே. ஆதலால் கண்ணியும் நஞ்சும் வைக்கின்றனர். அவர்களது குறையைக் கேளாமல் குற்றம் மட்டும் சாற்றுவது முறையாகாது. இதனோடு பெயரால் வந்த தீங்கும் சேர்ந்துகொள்கிறது. வங்க மொழியில் பலர் இதனை 'மேச்சோ பாக்', அதாவது மீன் புலி என்கின்றனர். புலி வந்துவிட்டது என்று அஞ்சி, ஊரார் கூடி அடித்துக் கொன்ற நிகழ்ச்சிகள் உண்டு. உண்மையில் இது மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் பிராணி.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முதல் அட்டவணையில் இடமளித்துள்ளது. மேற்கு வங்கம் 2012இல் இதனைத் தன் மாநில விலங்காக ஏற்றது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008இல் இதனை அருகிவரும் இனம் என்றும், 2016இல் அதனினும் ஒரு படி குறைந்த இடருள்ள இனம் என்றும் வகுத்தது. படி குறைந்ததனால் இடர் நீங்கிற்று என்று கொள்ளலாகாது. எண்ணிக்கை இன்னும் இறங்கியே வருகிறது.

சட்டத்தின் எல்லைக்கு அப்பாலும் ஒரு வழி இருப்பதைச் சில்கா காட்டுகிறது. தானியங்கிக் காமிராக்களை நாட்டி, ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியாக உள்ள புள்ளிக்கோலத்தைக் கொண்டு கணக்கிட்டதில், அவ்வேரிப் பகுதியில் 176 பூனைகள் இருப்பதாக 2022இல் மதிப்பிட்டனர். சரணாலய வேலிக்கு வெளியே நடந்த அப்பணியில் அவ்வூர் மீனவரும் கிராமத்தாரும் பங்கு கொண்டனர். தம் ஊரில் இத்தனை பூனைகள் வாழ்கின்றன என்று தாமே கண்டறிந்தவர்களிடம், அவற்றைக் காக்கும் எண்ணம் வளர்வது இயல்பன்றோ?

சதுப்பு நிலம் மழைவெள்ளத்தைத் தாங்கி வைக்கிறது, மீன்குஞ்சுகளை வளர்க்கிறது, நிலத்தடி நீரைப் பெருக்குகிறது. பூனை வாழும் நீர்நிலையில் மீன் உண்டு; மீன் உள்ள நீர்நிலையால் அதனைச் சார்ந்த மக்களும் பிழைப்பர். எனவே இச்சிறு பிராணிக்காகப் பேசுவது, அம்மக்களுக்காகப் பேசுவதும் ஆகும். உங்கள் ஊரருகே 'வெறும் சேற்று நிலம்' என்று ஒன்றைக் காட்டுவாராயின், அதனுள் எவ்வெவ்வுயிர்கள் வாழ்கின்றன என்று முதலில் கேளுங்கள். அதனைத் தூர்ப்பதா காப்பதா என்பதை விடையறிந்த பின் முடிவு செய்யலாம்.