சாட்சியும் ஏடும்



செயற்கை நுண்ணறிவுப் பொறியைப் பற்றிப் பேச ஒரு சட்டத்தரணிக்கு என்ன அருகதை என்று நீங்கள் கேட்கலாம். அதனை நம்பி உலகறியத் தலைகுனிந்தவர்களில் என் தொழிலைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதுவே என் அருகதை!

2023 ஆம் ஆண்டிலே, நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றத்தில் அவியாங்கா விமானக் கம்பனிக்கு எதிராக ஒரு வழக்கு விசாரணையில் இருந்தது. பறப்பின்போது உணவுவண்டி முழங்காலில் மோதிக் காயமுற்றேன் என்பது வழக்காளியின் முறைப்பாடு. அவருடைய சட்டத்தரணிகளில் ஒருவர் சட்ஜிபிடி என்னும் பொறியிடம் முன்தீர்ப்புகளைக் கேட்டு வாங்கினார். அவை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டன. எதிர்த்தரப்பார் தேடினார்கள், கிடைக்கவில்லை. நீதிமன்றம் தேடியது, கிடைக்கவில்லை. அத்தகைய வழக்குகள் நடந்ததே இல்லை! ‘இது உண்மை வழக்குத்தானா?’ என்று அச்சட்டத்தரணி பொறியையே கேட்டிருந்தார். உண்மையென்றே அது சாதித்தது. பொய்ச்சாட்சியிடமே போய், நீ சொன்னது பொய்யா என்று கேட்டால் வேறென்ன விடை வரும்? நீதிபதி காஸ்டெல் 5,000 டொலர் தண்டம் விதித்தார்.

அவர் கேட்ட அப்பொறிக்கு ஏடு புரட்டும் வழியே இருக்கவில்லை. முன்னர் கற்ற சொற்களின் பழக்கத்தைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்லைக் கோத்துக் கொடுத்தது, அவ்வளவே.

இக்குறைக்கு அறிஞர் கண்ட மருந்து, பதில் கூறுமுன் பொறியை ஏட்டறைக்கு அனுப்புவதாகும். கேள்வி வந்ததும் அது தேடுபொறியிடமோ, சட்ட அறிக்கைத் தொகுதியிடமோ சென்று, பொருத்தமான பக்கங்களை எடுத்துவந்து, அவற்றை முன்வைத்து விடை எழுதும். எடுத்த இடத்தையும் குறிக்கும். வெவ்வேறு பொறிகளை வெவ்வேறு ஏட்டறைகளோடு பொருத்துவதற்கான பொது விதியொன்றை அந்திரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

நன்று. ஆனால், பக்கத்தை எடுத்துவந்தவன் அதைச் சரியாக வாசித்தான் என்பதற்குப் பிணை யார்? சட்டக் களஞ்சியங்களோடு இணைக்கப்பட்ட பொறிகளையே ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2024 இல் சோதித்தார்கள். பொறிக்குப் பொறி வேறுபட்டு, நூற்றுக்கு 17 முதல் 33 வரையான விடைகளில் புனைவு கலந்திருந்தது! உள்ள தீர்ப்பைக் காட்டி, அது சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது இல்லாத வழக்கைக் காட்டுவதினும் கொடிது. தேடினால் தீர்ப்பு கிடைத்துவிடும். கிடைத்ததே போதுமென்று வாசியாமல் விட்டுவிடுவோம்.

ஆகவே என் கட்சிக்காரருக்கு (வழக்குக் கட்சிக்காரரைச் சொல்கிறேன்!) நான் கூறுவது, மூலத்தைத் திறந்து வாசியுங்கள் என்பதே. வெங்காயத்துக்கு இன்ன மருந்து, இத்தனை மில்லிலீற்றர் என்று பொறி சொன்னால், எந்தத் திணைக்களத்தின் எந்த ஆண்டுப் பத்திரம், எந்த நாட்டு மண்ணுக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

இன்னொன்று. ஏட்டறையில் இல்லாததைப் பொறி எடுத்துவர முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களை எந்தத் தேடுபொறி கொண்டுவரும்? எஞ்சியவற்றில் இயன்றதை ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தார் 2005 முதல் திரட்டி வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் பழைய பத்திரிகையோ, விவசாயக் கைந்நூலோ, சங்க அறிக்கையோ இருக்குமாயின், கறையான் வாசிக்குமுன் பிரதி எடுக்கக் கொடுங்கள். கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடையருகே பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லலாம்.