தானமாக வரும் செல்களில் என்ன இருக்கிறது?

(நமது சங்கத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் நோயாளிக்குப் போவது ஸ்டெம் செல் மட்டுமல்ல. கொடையாளரின் டி செல்களும் சேர்ந்தே போகின்றன. இவை உடலின் வாட்ச்மேன்கள். வேறு அபார்ட்மென்ட்டிலிருந்து வந்த வாட்ச்மேன் நம்மையே திருடன் என்று நினைத்தால்? அப்படித்தான் சிலருக்குத் தோல், குடல், கல்லீரல் தாக்கப்படுகின்றன.

டி செல்களை நீக்கிவிடலாமே என்பீர்கள். 1980களில் செய்து பார்த்தார்கள். தாக்குதல் குறைந்தது, ஆனால் ரத்தப் புற்றுநோய் திரும்புவது கூடியது. மிச்சமிருக்கும் புற்றுச் செல்லைப் பிடிப்பதும் அதே வாட்ச்மேன்தான்!

கொடையாளரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும்போது டி செல்கள் அதிகம். இடுப்பெலும்பு மஜ்ஜையில் குறைவு. உறவினரல்லாத கொடையாளர்களிடம் பெற்ற 551 பேரை வைத்து அமெரிக்கா, கனடாவில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. நாள்பட்ட தாக்குதல் ரத்த வழியில் 53 சதவீதம், மஜ்ஜையில் 41. புது செல்கள் ஒட்டாமல் போனது ரத்த வழியில் 3 சதவீதம், மஜ்ஜையில் 9. உயிர் பிழைத்ததில் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை என்றால், "ரத்தமா, மஜ்ஜையா, ஏன்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கொடையாளராக உங்களிடம் மஜ்ஜை கேட்டால் பயந்து பின்வாங்காதீர்கள். எலும்பை அறுப்பதில்லை, மயக்க மருந்து கொடுத்து ஊசியால்தான் எடுப்பார்கள்.