புரந்தர் கோட்டையும் அதன் காவலரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற இம்மேடையில், பார்சல் ரசீதும் சரக்குக் கணக்கும் எழுதிப் பழகிய எம்மைப் பேச அழைத்தது செயலாளரின் பெருந்தன்மையேயன்றி எமது தகுதியன்று. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட யாம் சங்க இலக்கியம் பேசப் புகுந்தால் சபையோர்க்கு நகைப்பே மிஞ்சும். ஆகவே, நம் கோந்த்வாவின் மொட்டை மாடிகளில் வடாம் உலர்த்தும்போது தெற்கே தெரிகின்றதே மலைத்தொடர், அதைப்பற்றிப் பேசலாமென்று துணிந்தோம். போப்தேவ் கணவாய் வழியாக அம்மலையைக் கடந்தால் சாஸ்வட். சாஸ்வட்டிலிருந்து சிறிது தொலைவில் புரந்தர் கோட்டை. கடல் மட்டத்திற்கு மேல் 4,472 அடி உயரம். அருகிலேயே அதன் தம்பிபோல வஜ்ரகட் என்னும் சிறு கோட்டையும் நிற்கின்றது.

சென்ற மழைக்காலத்தில் எம் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு அங்குச் சென்று வந்தோம். எம்முடன் எம் குடியிருப்பின் இரவுக் காவலரையும் அழைத்துச் சென்றோம். பிள்ளைகள் எல்லாரும் 'காகா' என்றழைக்கும் அம்முதியவர் கணவாய்க்கு அப்பாலுள்ள சிற்றூரினர். வழி தெரிந்தவர் ஒருவர் உடனிருந்தால் நலமென்று அழைத்தோம். அவர் ராமோசி குலத்தவர் என்பது அன்றுதான் எமக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளாக நம் உறக்கத்தைக் காத்தவரின் ஊர் எது, குலம் எது என்று ஒருநாளும் வினவியதில்லை. வினவாதிருந்தது நாகரிகம் என்றே எண்ணியிருந்தோம். அக்கறையின்மையும் அதே முகத்தோடுதான் இருக்கும் போலும்.

கோட்டை வாயிலில், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகவேண்டும் என்றார்கள். தேசிய மாணவர் படையின் பயிற்சிக்கூடம் அங்கிருப்பதால் அவ்விதி. யாமெல்லாம் அட்டையை நீட்டினோம். காகா தம் பையை நெடுநேரம் துழாவி, மடிந்து நைந்த ஓர் அட்டையை எடுத்தார். எழுதுகின்றவர் ஊர்ப் பெயரைக் கேட்டார். காகா சொல்லிவிட்டு, "எங்கள் பாட்டன்மார் இந்த வாயிலில் நின்றவர்கள்" என்று மெல்லச் சேர்த்தார். எழுதியவர் காதில் அது விழவில்லை. எம் காதில் விழுந்தது. அதன் பொருளைத் தேடியதன் பயனே இச்சொற்பொழிவு.

புரந்தர் என்றதும் பள்ளிப் பிள்ளைகள் 1665-ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சொல்வார்கள். ஔரங்கசீப்பின் தளபதி ஜெய்சிங் கோட்டையை முற்றுகையிட்டதும், முரார்பாஜி போரிட்டு மாண்டதும், சிவாஜி 23 கோட்டைகளை விட்டுக்கொடுத்து 12-ஐத் தமக்கென வைத்துக்கொண்டதும் பாடநூலில் உள்ளவை. சம்பாஜி பிறந்தது இங்கே, 1657-இல். பேஷ்வாவின் அமைச்சர்கள் கும்பெனியாரோடு 1776-இல் செய்த உடன்படிக்கைக்கும் இக்கோட்டையின் பெயர்தான். மன்னர்களின் கையொப்பங்களை இவ்வளவில் நிறுத்தி, கையொப்பம் இடத் தெரியாதவர்களிடம் வருவோம்.

மராட்டியர் கோட்டைகளில் காவல் ஒரு கூலி வேலையன்று. 'மராட்டியர் வரலாறு' எழுதிய கிராண்ட் டஃப் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அம்முறையை விளக்கியிருக்கிறார். கோட்டைக்குள் பிராமணரும் மராட்டியரும் பொறுப்பில் இருப்பர். கோட்டைக்கு வெளியே, மலைச்சரிவிலும் காட்டு வழிகளிலும், ராமோசிகளும் மகர்களும் மாங்குகளும் காவல் இருப்பர். அயலார் நடமாட்டத்தை அறிந்து சொல்வதும், ஒற்றறிவதும், புல்லும் விறகும் தருவதும் அவர்கள் கடமை. இவர்கள் யாவருக்கும் கோட்டையைச் சுற்றியுள்ள நிலம் வரியின்றி, தலைமுறை தலைமுறையாக உரிமை. இவர்களெல்லாரையும் சேர்த்துக் 'கட்கரி' என்றழைத்தனர். கட் என்றால் கோட்டை. இன்று குடும்பப் பெயராக நாம் கேட்பது அச்சொல்லே.

அன்பர்களே, இதை நன்கு கவனிக்க வேண்டுகிறோம். மலைவாழ் மக்களை அடக்குவதற்காக மட்டும் கட்டிய கற்சுவராக யாம் கோட்டையை எண்ணியிருந்தோம். அதுவோ, மலை மக்களுக்கும் ஆள்வோருக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தமாகவும் இருந்திருக்கிறது. 'நீ என் மதிலைக் காப்பாய். நான் உன் நிலத்தில் கைவையேன்' என்பது அவ்வொப்பந்தம்.

ஊர்க்காவலிலும் இதே முறைதான். ஊரில் களவு போனால் ராமோசி களவனைப் பிடிக்கவேண்டும். பிடிக்க இயலாவிடில் ஈடு செய்யவேண்டும். காலடித் தடத்தை மராத்தியில் 'மாக்' என்பார்கள். அத்தடத்தைப் பற்றிக்கொண்டே சென்று, அது அடுத்த ஊர் எல்லைக்குள் புகுந்ததைக் காட்டிவிட்டால் பொறுப்பு அடுத்த ஊர்க் காவலனைச் சாரும். எம் தொழிலிலும் இதுவே வழக்கம். வேகன் கதவில் முத்திரையிட்டு அனுப்புவோம். முத்திரை உடையாமல் அடுத்த நிலையத்தை அடைந்தால் பொறுப்பு அவர்களுடையது. எங்கே உடைந்திருக்கக் கண்டார்களோ அங்கிருந்து விசாரணை தொடங்கும். ரயில்வே இலாகா கண்டுபிடித்த விதி என்று நெடுநாள் பெருமைப்பட்டிருந்தோம். ராமோசிக்கு அது பாட்டன் சொத்து.

ஒப்பந்தம் முறிந்தது எவ்வாறு? முதல் முறிவைச் செய்தவன் வெள்ளையன் அல்லன் என்பதை மறைத்தல் தகாது. பேஷ்வாக்களின் காலத்திலேயே, 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், புரந்தரின் பரம்பரைக் காவலரான கோலிகளை நீக்கித் தம் ஆட்களை அமர்த்தினார்கள். கோலிகள் கிளர்ந்தெழுந்து கோட்டையையே பிடித்துக்கொண்டனர். பின்னர் இரண்டாம் பாஜிராவ் காலத்தில் ராமோசிகளின் காவலுரிமைக்கும் நிலத்திற்கும் இடையூறு வந்தது. 1818-இல் புரந்தர் கும்பெனியாரிடம் வீழ்ந்ததும் கதை முடிந்தது. கும்பெனிக்கு மலைக்கோட்டை எதற்கு? பீரங்கியும் பட்டாளமும் உடையவனுக்குக் காலடித் தடம் பார்ப்பவன் எதற்கு? காவலரைக் கலைத்தார்கள். கோட்டை பின்னாளில் வெள்ளைச் சிப்பாய்கள் உடல்நலம் தேறும் இடமாயிற்று.

வேலை போனவன் என்ன செய்வான்? இரவில் விழித்திருக்கவும், ஓசையின்றி நடக்கவும், மதிலேறவும், வழியறியவும் கற்றவன் அவன். ஏர் பிடித்தவன் அல்லன். காத்த கையே கவரும் கையாயிற்று. 1820-க்குப் பிறகு புனே, சாதாரா வட்டாரங்களில் ராமோசிகளின் கலகம் மூண்டது.

அக்கலகத்தின் தலைவன் உமாஜி நாயக். 1791-இல், புரந்தரை அடுத்த பிவடி என்னும் ஊரில், கோட்டைக் காவல் பரம்பரையில் பிறந்தவன். நாம் கணவாய் இறங்கி சாஸ்வட் போகும் பக்கத்தில்தான் அவ்வூர் உள்ளது. சிறைப்பட்ட காலத்தில் எழுதப் படிக்கக் கற்றான் என்பர். அவனைப் பிடிக்க முடியாமல் சலித்த கும்பெனியார், ஒரு கட்டத்தில் அவன் குற்றங்களை மன்னித்து, நிலமும் சம்பளமும் கொடுத்து, மலைக்காவல் வேலையிலும் அமர்த்தினார்கள். எதைப் பறித்தார்களோ அதையே திருப்பிக் கொடுத்தால் அமைதி வரும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதானே பொருள்! அந்த இணக்கம் நீடிக்கவில்லை. 1831-இல் உமாஜி ஓர் அறிவிப்பு வெளியிட்டான்: கும்பெனியின் வேலையை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு வரி கட்டாதீர்கள் என்று. கொள்ளைக்காரன் இப்படி எழுதுவதில்லை. அவ்வாண்டின் இறுதியில், தலைக்கு அறிவித்திருந்த பரிசுக்காக அவனுக்குத் தெரிந்தவர்களே காட்டிக்கொடுத்தனர். 1832 பிப்ரவரி 3-ஆம் நாள் புனேயில் தூக்கிலிடப்பட்டான்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. உமாஜியை வேட்டையாடிய அதிகாரிகளில் ஒருவர் கேப்டன் மாக்கிண்டாஷ். அவரே ராமோசி குலத்தைப்பற்றியும் உமாஜியின் வாழ்க்கையைப்பற்றியும் ஒரு நூல் எழுதி 1833-இல் வெளியிட்டார். அவர் சென்னை மாகாணப் படையின் 27-ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். நம் ஊர்ப் பட்டாளத்திலிருந்து வந்தவர் எழுதி வைத்ததைக் கொண்டுதான் இன்றும் பலர் அம்மக்களின் பழங்கதையை அறிகிறார்கள். ராமோசிகள் தெற்கே தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதும், தமக்குள் பேசும் மறைமொழியில் தென்மொழிச் சொற்கள் பல உண்டென்பதும் அக்கால வெள்ளையர் குறிப்புகளில் உள்ளன. நமக்கு முன்னே தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

எம் மகள் கல்லூரியில் அமெரிக்க வரலாறு படிக்கிறாள். இவற்றையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அப்பா, செரோக்கியருக்கும் இதேதான் நடந்தது" என்றாள். தென் கரோலினாவில் குடியேறிய ஆங்கிலேயர் 1756-இல் மலைகளுக்கு அப்பால் லவுடன் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். அதைக் கட்டச் சொல்லிக் கேட்டவர்கள் செரோக்கியரே! ஆங்கிலேயருக்காகத் தம் வீரர் பிரெஞ்சுக்காரரோடு போரிடப் போகும்போது தம் பெண்டு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சில ஆண்டுகளுக்குள் எல்லைக் குடியேறிகளுக்கும் அவர்களுக்கும் கொலைப்பகை மூண்டது. 1759-இல் சமாதானம் பேச வந்த செரோக்கித் தலைவர்களை ஆளுநர் பிணையாளிகளாகப் பிரின்ஸ் ஜார்ஜ் என்னும் மற்றொரு கோட்டையில் அடைத்தார். அடுத்த ஆண்டு அக்கோட்டையின் தலைவனைச் செரோக்கியர் சுட, உள்ளிருந்த சிப்பாய்கள் பிணையாளிகளைக் கொன்றுவிட்டனர். லவுடன் கோட்டை முற்றுகையால் பட்டினி கிடந்து சரணடைந்தது. வெளியேறிச் சென்ற படையைச் செரோக்கியர் வழியில் தாக்கிப் பலரைக் கொன்றனர். காவலுக்கென்று எழுந்த கோட்டை நான்கே ஆண்டுகளில் இரு தரப்பாருக்கும் கல்லறையாயிற்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. செரோக்கியர் கோட்டைக்கு வெளியே இருந்த தனி இனம். ராமோசிகளோ கோட்டையின் உறுப்பாகவே இருந்தவர்கள். ஆகையால் அவர்களின் வீழ்ச்சி சத்தமில்லாமல் நடந்தது.

கடல் கடந்து போவானேன்? நம் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் பாளையக்காரரின் தேசகாவலையும் ஊர்க்காவலையும் அறியாதவர் இங்கு யார்? அங்கும் களவு போனால் காவற்காரர் ஈடு செய்யவேண்டும். கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்டபின் கும்பெனியார் அந்தக் காவலைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டனர். காவலிழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் குற்றப்பரம்பரை என்று பெயர் வாங்கினார்கள். கைரேகை வைக்க மறுத்ததற்காகப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுகளும் வாங்கினார்கள். அச்சட்டம் நாடெங்கும் நீங்கியது 1952-இல். மகாராஷ்டிர அரசின் விமுக்த ஜாதிப் பட்டியலில் ராமோசியின் பெயர் இன்றும் இருக்கின்றது.

இப்போது நம் வீட்டு விஷயத்திற்கு வருகிறோம். இதற்காகவே இவ்வளவும் பேசினோம் என்று சிலர் முன்பே ஊகித்திருப்பர். இவ்வாண்டில் எம் குடியிருப்பில் இரண்டு சைக்கிள்களும் ஒரு காஸ் சிலிண்டரும் களவு போயின. எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. குடியிருப்புக் கூட்டத்தில், காகாவை நிறுத்திவிட்டுச் சீருடைக் காவலரை அனுப்பும் நிறுவனம் ஒன்றை அமர்த்தலாம், கேமராவும் பொருத்தலாம் என்று யோசனை வந்தது. அதில் தவறில்லை. அவருக்கு வயதாயிற்று, விடியற்காலையில் கண்ணயர்கிறார் என்பதும் மெய். ஆனால் அக்கூட்டத்தில் ஒருவர், "அவர்கள் சாதியே அப்படி, திருடனைப் பிடிக்கத் திருடனையே வைத்தோம்" என்றார். முன்னாளில் புனே கண்டோன்மென்ட் பங்களாக்களில் வெள்ளைக்காரத் துரைமார் ராமோசியைக் காவலுக்கு வைத்துக்கொண்டு சொன்ன அதே சொல். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். யாம் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து மறுக்கவும் இல்லை. புரந்தர் வாயிலில் அவர் சொன்னதைக் காதால் கேட்டிருந்தும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு வீடு திரும்புகையில் அவர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எமக்குக் கூசியது.

அந்தத் தீர்மானம் அடுத்த மாதக் கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கேமரா வைப்பதில் எமக்குத் தடையில்லை. காகாவை நிறுத்துவதாயின், முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குரிய தொகையைக் கணக்கிட்டு அவர் கையில் தரவேண்டும் என்றும், அன்று சொல்லப்பட்ட சொல்லைக் கூட்டம் ஏற்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்றும் ஒரு விண்ணப்பம் தயாரித்திருக்கிறோம். முதற் கையொப்பம் எம்முடையது. எம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர்கள் அதைப் படித்துப் பார்க்க விரும்பினால், சிற்றுண்டி வழங்கும் மேசைக்கு அருகே வைத்திருக்கிறோம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.